3, 6, 9 அமுக்குற விரல்

ரெண்டரை மாசமா எதுவுமே எழுதல. சோம்பேறித்தனம் இல்லைங்க, நிஜமாவே கை இல்ல. வலது கை மோதிர விரல் ஒடைஞ்சு, அதுல கம்பி வெச்சு, கம்பியை எடுத்து, இப்போதான் போன்ல ரெண்டு கையாலயும் தட்டுற அளவுக்கு வந்திருக்கேன். விரல்தானேன்னு நான் விட்டிருந்தா இன்னிக்கு என் கை வேற மாதிரி இருந்திருக்கும், அதுக்கு ரொம்ப கிட்ட போய்ட்டுதான் திரும்புனேன், அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கிறது தண்டையார்பேட்டைல ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி, லிஃப்ட்டெல்லாம் கெடையாது. சிலிண்டர் கொண்டு வர்ற தம்பி மேல ஏத்தணும்னா தனியா காசு கேப்பாரு. கேக்கட்டுமே, இந்த வெய்யில்ல அதைத் தோள்ல வெச்சு மூணு மாடி ஏறுற மனுஷன், ஆனா அன்னிக்கு எங்க வீட்டுக்காரருக்கு என்னவோ வீராப்பு, "நாமளே தூக்கிக்கலாம்மே, இன்னா பெரிய வெயிட்டு"ன்னாரு. உள்ள கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேத்தா 30 கிலோ கிட்ட வரும். நான் மேல் வளையத்தைப் புடிச்சு முன்னாடி ஏற, அவரு அடியைப் புடிச்சுக்கிட்டு பின்னாடி வந்தாரு. ரெண்டாவது மாடி திருப்பத்துல அவரு செருப்பு வழுக்கிடுச்சு. சிலிண்டர் ஒரு சுத்து சுத்துச்சு, வளையத்துக்குள்ள மாட்டியிருந்த என் விரலும் கூடவே சுத்தி கைப்பிடி கம்பில நச்சுனு ஒரு இடி. முருங்கக்காய ஒடைச்சா ஒரு சத்தம் வரும் பாருங்க, அது. எனக்கு மட்டும் கேட்டுச்சு.

அந்த நேரத்துக்கு வலியே தெரியல. சிலிண்டர் உருண்டு போய் கீழ் வீட்டு கதவுல மோதிடுமோன்னுதான் பயம், அதே கையாலயே புடிச்சு நிறுத்தி, மேல கொண்டு போய் வெச்சு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சு முடிச்சப்புறம்தான் வலி வந்துச்சு.

அத்தை தேங்கா எண்ணெய் பாட்டிலோட ரெடி. "சுளுக்குதான்மே, வழிச்சு உட்டா சரியாப்பூடும்." ஒரே ஒரு தடவைதான் வழிச்சாங்க, நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு அக்கா குக்கரை அப்படியே விட்டுட்டு ஓடியாந்துட்டாங்க. ஒடைஞ்சிருக்குமோன்னு சந்தேகம் இருந்தா தயவு செஞ்சு யாரையும் வழிக்க விடாதீங்க, ஒழுங்கா இருக்கிற எலும்பும் நகந்துடும். ஐஸை ஒரு துணில சுத்தி வெச்சு, கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டு, பக்கத்து விரலோட லூசா சேத்து கட்டிட்டு எக்ஸ்ரேக்கு கெளம்பிடணும். அப்புறம் இன்னொண்ணு, "விரலை ஆட்ட முடியுதுல்ல, அப்போ ஒடையல"ன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் ஆட்டுனேனே, ஆட்ட முடிஞ்சுது. விரலை இழுக்கிற நரம்பு, அதாவது டெண்டன்னு சொல்ற நார், முழுசா இருந்தா எலும்பு ஒடைஞ்சாலும் விரல் ஆடும். அதை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது.

மோதிர கதைய சொல்லணும். எங்கம்மா போட்ட நெளிமோதிரம், பதினாலு வருஷமா கழட்டுனதே இல்ல. அரை மணி நேரத்துல விரல் வீங்கி மோதிரம் சதைக்குள்ள போயிடுச்சு, நுனி ஊதா கலர்ல மாற ஆரம்பிச்சுது. சோப்பு, எண்ணெய் எதுவும் வேலைக்கு ஆகல. நூல் சுத்தி எடுக்கிற வித்தை ஒண்ணு இருக்கு, மோதிரத்துக்கு அடில நூல் நுனிய விட்டு, மீதி நூலை மோதிரத்துலேர்ந்து நுனி பக்கமா நெருக்கி சுத்திட்டு, அடில விட்ட நுனிய இழுத்து பிரிச்சா மோதிரம் நூல் மேலயே ஏறி வந்துடும். சும்மா வீங்குன விரலுக்கு அது சூப்பர். ஒடைஞ்ச விரல்ல அதை பண்றது சித்ரவதை, ரெண்டு சுத்துலயே நான் வேணாம்னுட்டேன். கடைசில கிளினிக்ல சிஸ்டர் ஒரு குட்டி கட்டர் கொண்டு வந்தாங்க, பல்லு பல்லா ஒரு சின்ன சக்கரம், அதுக்கு கீழ நாக்கு மாதிரி ஒரு தகடு, தகட்டை மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவுல விட்டு சக்கரத்தை சாவி மாதிரி திருக திருக தங்கம் பொடிப் பொடியா உதிருது. அத்தை அந்த பொடியை ஒரு பேப்பர்ல சேத்து மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. விரல் அடிபட்டா மொதல் வேலை மோதிரத்தை கழட்டுறது, வீங்குறதுக்கு முன்னாடியே, மத்ததெல்லாம் அப்புறம்.

அந்த கிளினிக் பேரு வேணாம். எக்ஸ்ரே எடுத்தாங்க, நேரா ஒரே ஒரு படம். டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "லேசா ஒரு கோடுதாம்மா, சுண்டு விரலோட சேத்து டேப் போட்டுக்கோ, மூணு வாரத்துல சரியாயிடும்"னாரு. நடுவுல கொஞ்சம் காட்டன் வெச்சு ரெண்டு விரலையும் சேத்து ஒட்டியும் விட்டாரு. எனக்கும் சந்தோஷம், சின்னதா முடிஞ்சுதேன்னு.

வீட்டுக்கு வந்தா புத்தூர் பஞ்சாயத்து ஆரம்பம். தெரியாதவங்களுக்கு, புத்தூர்ங்கிறது ஆந்திரால இருக்கு, திருத்தணி நகரி தாண்டி ரேணிகுண்டா போற ரயில் ரூட்ல. எலும்பு கட்டுக்கு அந்த ஊரு அவ்ளோ ஃபேமஸ், மெட்ராஸ்ல எந்த ஏரியாக்கு போனாலும் "புத்தூர் கட்டு"ன்னு ஒரு போர்டு இருக்கும். பச்சிலை அரைச்சு வெச்சு, மூங்கில் பத்தை வெச்சு, துணியால இறுக்கி கட்டுவாங்க. அத்தைக்கு முழங்கைக்கு கீழ ஒடைஞ்சப்போ அங்க போய் கட்டிட்டு வந்து நல்லாயிட்டாங்க, இன்னிக்கும் அந்த கையாலதான் தண்ணி குடம் தூக்குறாங்க. அதனால என்னையும் கெளம்ப சொல்லி ஒரே பிடிவாதம். நான் அவங்களை குறை சொல்லல. நகராம ஒடைஞ்ச எலும்பு, அசையாம வெச்சா தானா கூடிக்கும், அது எந்த கட்டா இருந்தாலும். பிரச்சனை என்னன்னா நகந்திருக்கா, திரும்பியிருக்கா, மூட்டுக்குள்ள கோடு போயிருக்கான்னு பாக்காம கட்டுறதுதான், அதுவும் விரல்ல ரொம்ப இறுக்கி கட்டிட்டா ரத்தமே போகாது. மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, கட்டுனப்புறம் நுனி நீலமாயிட்டா, மரத்துட்டா, ஜில்லுன்னு ஆயிட்டா, நடுராத்திரியா இருந்தாலும் பிரிச்சிடணும்.

அஞ்சாவது நாள், ஞாயித்துக்கெழமை, எங்கண்ணன் காசிமேட்டுல மீன் வாங்கிக்கினு வீட்டுக்கு வந்துச்சு. அண்ணனோட வலது கை நடுவிரல் கதை எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். இருவத்தி மூணு வயசுல ஐஸ் பெட்டி மேல விழுந்து ஒடைஞ்சுது. யாரோ ஒருத்தர்கிட்ட கட்டு போட்டு நாப்பத்தஞ்சு நாள் பிரிக்காம வெச்சிருந்தாங்க. எலும்பு கூடிடுச்சு, ஆனா நடு மூட்டு பாதிக்கு மேல மடங்காது, மடங்குறதும் கோணலா மடங்கும். வேற ஒருத்தருக்கு அது பெரிய விஷயமா இல்லாம போயிருக்கலாம். எங்கண்ணன் கேரம் ஆடுற ஆளு. ஸ்ட்ரைக்கரை சுண்டுற விரல் அது. எங்க பக்கம் கேரம் எப்படின்னு சொல்லவே வேணாம், தெருவுக்கு ஒரு போர்டு, மேல ஒரு பல்பு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் பவுடர் வாசனை. ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் மாதிரி வரணும்னு ஆடிட்டிருந்த பசங்கள்ல ஒண்ணு எங்கண்ணன். அப்புறம் ஆள்காட்டி விரலுக்கு மாத்தி ஆடிப் பாத்துச்சு, ஆட்டம் பழைய மாதிரி வரவே இல்ல. 2024ல நம்ம கேரம் பொண்ணு காசிமா அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் ஜெயிச்சப்போ தெரு முழுக்க லட்டு குடுத்தது அண்ணன்தான், நியூஸ் ஓடுறப்போ அந்த நடுவிரலை நீவிக்கிட்டே பாத்துட்டு இருந்துச்சு.

அன்னிக்கு மீனை சிங்க்ல போட்டுட்டு வந்து, "டேப்பை கழட்டு"ன்னுச்சு. கழட்டுனேன். "கையை நீட்டு." நீட்டுனேன், அழகா நேரா இருக்கு. "இப்போ மூடு." வலியோட மெதுவா மூடுனேன், முழுசா முடியல, பாதிதான். மோதிர விரல் உள்ளங்கைக்கு போகாம சைடுல சாஞ்சு சுண்டு விரல் மேல ஏறி உக்காந்துச்சு, கால் மேல கால் போட்டு உக்காருவாங்களே அப்படி. அண்ணன் ஒண்ணும் பேசல. தன் கையை என் கை பக்கத்துல வெச்சு மூடிக் காட்டுச்சு.

அவ்ளோதான். அடுத்த நாள் காலைலயே ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி.

இங்க கொஞ்சம் விளக்கணும். எலும்பு ஒடையிறதுல பல விதம், சிலது குறுக்கால ஒடையும், சிலது முறுக்கிக்கிட்டு சுருளா ஒடையும். எனக்கு விரலே சுத்துனதால சுருள் முறிவு, விரல் அடி எலும்புல. இந்த மாதிரி ஒடைஞ்சா நுனி பக்க துண்டு திருகாணி மாதிரி லேசா திரும்பிக்கும். எக்ஸ்ரேல அது சரியா தெரியாது, நேரா நீட்டி வெச்சா கண்ணுக்கும் தெரியாது, அடில கொஞ்சூண்டு திரும்புனாலும் மடக்குறப்போ நுனி எங்கயோ போய் நிக்கும். டேப் போட்டு நேரா ஒட்டி வெச்சதால அஞ்சு நாளா அது மறைஞ்சே இருந்துச்சு. சாதாரணமா கையை மூடுனா நாலு விரல் நுனியும் கட்டை விரல் அடி மேடு பக்கமா, மணிக்கட்டுல ஒரே இடத்தை பாத்து சாயும். உங்க கையை இப்போ மூடிப் பாருங்க, தெரியும். நகமும் நாலும் ஏறக்குறைய ஒரே வாட்டத்துல இருக்கணும், ஒண்ணு மட்டும் முகத்தை திருப்பிக்கிட்டு இருந்தா சந்தேகப்படணும். வலில மூடவே முடியலைன்னா, முழங்கையை டேபிள்ல ஊனி மணிக்கட்டை மெதுவா பின்னாடி சாய்ச்சா விரலெல்லாம் தானா கொஞ்சம் மடங்கும், அதுலயே ஏறுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். ஸ்டான்லில டாக்டர் பண்ணது அதேதான். சின்ன பசங்களுக்கு எலும்பு வளைஞ்சு கூடுனா வளர வளர ஓரளவு நிமிந்துக்குமாம், ஆனா திரும்பி கூடுனது யாருக்கும் தானா சரியாகாது.

ஸ்டான்லில கைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்குன்னு இந்த ஏரியாலயே பாதி பேருக்கு தெரியல. 1970கள் ஆரம்பத்துல டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சு வெச்சது, கை அறுவை சிகிச்சைல நாடு முழுக்க பேரு. 2018ல ரெண்டு கையும் இழந்த ஒருத்தருக்கு வேற ஒருத்தர் தானம் குடுத்த ரெண்டு கையையும் பொருத்துனது இவங்கதான். பிரஸ்சு, லேத்து, வெல்டிங்னு பட்டறை நெறைஞ்ச வட சென்னைல இப்படி ஒரு இடம் இருக்கிறது சும்மா இல்ல.

அங்க பெஞ்சுல உக்காந்தப்போ எனக்கு கெடைச்ச படிப்பு வேற எங்கயும் கெடைக்காது. பக்கத்துல ஒரு பையன், கிரிக்கெட்ல கேட்ச் புடிக்கப்போய் பந்து நடுவிரல் நுனில பட்டிருக்கு, நுனி கணு மட்டும் தொங்கி நிக்குது, நிமித்த முடியல. நிமித்துற நரம்பு அந்த இடத்துல அறுந்திருக்கும், இல்லைன்னா ஒரு துளி எலும்போட பிஞ்சு வந்திருக்கும். பெரும்பாலும் ஆபரேஷன் வேணாம், நுனிய நிமித்தி வெக்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு, ஆறுலேர்ந்து எட்டு வாரம், ராத்திரி பகல் கழட்டாம. அவனுக்கு இது ரெண்டாவது தடவை. அஞ்சு வாரம் போட்டுட்டு, குளிக்கிறப்போ கழட்டி, ஒரு தடவை மடக்கிப் பாத்துட்டான். ஒரு தடவை தொங்குனாலும் மொதல்லேர்ந்து எண்ணணும்னு சொல்லிட்டாங்க, பையன் மூஞ்சி போன போக்கை பாக்கணும். கழுவணும்னா விரலை டேபிள் மேல நேரா வெச்சுக்கிட்டே கூட்டை உருவி, தொடைச்சு, திரும்ப மாட்டணுமாம்.

எதிர்ல ஒரு அம்மா, மடில ஆட்டோ கதவுல விரல் நசுங்குன குழந்தை. நகத்துக்கு அடில ரத்தம் கட்டி கருப்பா இருக்கு, விண் விண்ணுன்னு தெறிக்கும் அது. டாக்டர் நகத்துல ஒரு பொடி ஓட்டை போட்டு ரத்தத்தை வடிய விட்டா அடுத்த நிமிஷமே வலி இறங்கிடும், வீட்ல ஊசிய காய்ச்சி ட்ரை பண்ணாதீங்க. நகம் கிழிஞ்சு, அடில எலும்பும் ஒடைஞ்சிருந்தா அது திறந்த முறிவு, கழுவி, தையல் போட்டு, ஆன்டிபயாடிக், டிடி ஊசி எல்லாம் வேணும்.

பிரஸ்ல விரல் போன ஒரு தம்பியோட மேஸ்திரியும் வந்திருந்தாரு, துண்டான விரலை நேரா ஐஸுக்குள்ள போட்டு எடுத்துட்டு வந்துட்டாராம். அப்படி போடக்கூடாதாம். சுத்தமான ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயை கட்டி, அந்த கவரைத்தான் ஐஸ் மேல வெக்கணும். இதை பட்டறை செவுத்துல எழுதியே வெக்கலாம்.

என் முறை வந்துச்சு. இன்னொரு எக்ஸ்ரே, இந்த தடவை நேரா, சைடுல, சாய்வாவும். சைடு படத்துல கோடு நீளமா சுருண்டு போறது எனக்கே தெரிஞ்சுது. எத்தனாவது நாள்னு கேட்டாங்க, ஆறுன்னேன். "நல்ல நேரத்துல வந்தம்மா, ரெண்டு வாரம் தாண்டுனா ஒட்ட ஆரம்பிச்சுடும், அப்புறம் கூடுன எலும்பை வெட்டி திருப்பித்தான் வெக்கணும்"னாங்க. எனக்கு கிளினிக்ல சொன்ன மூணு வாரம் ஞாபகம் வந்து வயித்தை கலக்குச்சு.

என்னென்ன வழி இருக்குன்னு அந்த சின்ன வயசு டாக்டர் ஒரு துண்டு பேப்பர்ல படம் போட்டு சொன்னாரு. நகராத, திரும்பாத முறிவா இருந்தா பக்கத்து விரலோட டேப் போட்டு மொதல் வாரத்துலேர்ந்தே லேசா ஆட்ட வெப்பாங்க, அதாவது கிளினிக்ல பண்ண வைத்தியம் தப்பான வைத்தியம் இல்ல, என் விரலுக்கு தப்பு. நகந்திருக்கு, ஆனா இழுத்து சரி பண்ணா நிக்கும்னா, விரல் அடில மரத்துப்போற ஊசி போட்டு இழுத்து நேராக்கி மாவுக்கட்டு. அதுவும் கையை பலகை மாதிரி நேரா வெச்சு கட்ட மாட்டாங்க, விரல் அடி மூட்டை நல்லா மடக்கி, விரலை நேரா வெச்சு, வாத்து வாய் மாதிரி கட்டுவாங்க, அந்த வாட்டத்துல ஜவ்வெல்லாம் இழுபட்டு இருக்கிறதால அப்புறம் மூட்டு இறுகாது. என்னோட மாதிரி சுருள் முறிவு இழுத்து வெச்சாலும் வழுக்கிக்கிட்டு திரும்பிடும், அதுக்கு ரெண்டு வழி. தோலை கிழிக்காம வெளிலேர்ந்தே மெல்லிசு கம்பி விடுறது, இல்ல, கிழிச்சு தொறந்து பொடி ஸ்க்ரூ போடுறது, பல துண்டா நொறுங்கியிருந்தா தகடு.

நான் ஸ்க்ரூதானே ஸ்ட்ராங்குன்னு கேட்டேன். ஸ்ட்ராங்குதான், உடனே ஆட்ட ஆரம்பிச்சுடலாம், கம்பி மாதிரி வெளில நீட்டிக்கிட்டும் இருக்காது. ஆனா விரல்ல எலும்புக்கு மேலயே நரம்பு ஒட்டி ஓடுது, நடுவுல சதையே இல்ல, கிழிச்சு தொறந்தா அந்த நரம்பு ஒட்டிக்கிட்டு இறுகுற வாய்ப்பு அதிகம், தகடு வெச்சா இன்னும் அதிகம். கம்பில அந்த கஷ்டம் கம்மி, ஆனா நாலு வாரம் அது வெளில நீட்டிட்டு இருக்கும், தண்ணி படக்கூடாது, சீழ் புடிக்கலாம். வெளில ஒரு பிரைவேட்ல கேட்டிருந்தோம், எடுத்த எடுப்புல தகடு, நாப்பத்தஞ்சாயிரம்னாங்க, ஏன் தகடுன்னு கேட்டதுக்கு பதில் இல்ல. நான் கம்பின்னு முடிவு பண்ணேன். கிர்ஷ்னர் கம்பின்னு பேரு, மார்ட்டின் கிர்ஷ்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1909ல கொண்டு வந்ததாம். நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அதேதான் போடுறாங்கன்னா சும்மாவா.

ஆபரேஷன்னா மயக்கம் குடுப்பாங்கன்னு நெனச்சேன். இல்ல, கைல மட்டும் ஊசி, முழிச்சுக்கிட்டே இருந்தேன். பச்சை துணிக்கு அந்த பக்கம் என் கை, வளைஞ்ச ஒரு எக்ஸ்ரே மெஷின், டிவி மாதிரி ஸ்கிரீன்ல என் எலும்பு. டாக்டர் விரலை புடிச்சு இழுத்து திருப்புறாரு, வலி இல்ல, யாரோ நம்ம கையை கடன் வாங்கிட்டு போன மாதிரி இருக்கு. குட்டி டிரில் சத்தம், ஸ்கிரீன்ல ஒரு மில்லிமீட்டர் மொத்தத்துல ஒரு கோடு எலும்புக்குள்ள ஊர்ந்து போகுது. அப்புறம் இன்னொண்ணு, குறுக்கால. முடிச்சுட்டாங்கன்னு நெனச்சா, டாக்டர் துணிய கொஞ்சம் விலக்கி, "இப்போ மடக்கும்மா"ன்னாரு. மரத்துப்போன கை எப்படி மடங்கும்னு நான் முழிக்கிறேன், ஆனா மடக்குற சதை முழங்கைக்கு கீழ இருக்கு, அது மரக்கல. மடக்குனேன். விரல் சுண்டு விரலை விட்டு ஒதுங்கி ஒழுங்கா அதோட இடத்துக்கு போச்சு. "இதுக்குத்தான் உங்களை தூங்க விடல"ன்னாரு.

கம்பியோட நாலு வாரம். சோத்தை பெசைஞ்சு சாப்புடுறதுக்கு மோதிர விரல் எவ்ளோ முக்கியம்னு அப்போதான் தெரிஞ்சுது, அது இல்லாம உருண்டை நிக்காது, சாம்பார் வழியுது. ஸ்பூன்ல சாப்ட்டா பசி அடங்குன மாதிரியே இல்ல. கடைசில அத்தைதான் ரெண்டு வேளையும் பெசைஞ்சு ஊட்டி விட்டாங்க, புத்தூர் போகாத கோவம் மனசுல இருந்தாலும். தினம் ஆட்டுக்கால் சூப்பு, பிரண்டைத் துவையல். சூப்பு எலும்பை ஒட்ட வெக்காது, ஆனா மிளகு தூக்கலா போட்டு அத்தை வெக்கிற சூப்பை வேணாம்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா. அண்ணன்கிட்ட மட்டும் டாக்டர், எலும்பு ஒடைஞ்சவங்க சிகரெட் புடிச்சா கூடுறது லேட்டாகும்னு சொல்லி வெச்சாரு, அண்ணன் "அவ புடிக்க மாட்டா சார்"னு ரொம்ப சீரியஸா பதில் சொல்லுச்சு. குளிக்க கைல பிளாஸ்டிக் கவர். மத்த விரலையெல்லாம் ஒரு நாளைக்கு பல தடவை ஆட்ட சொன்னாங்க, இல்லைன்னா நல்லா இருக்கிறதும் சேந்து இறுகிடும்.

கம்பி எடுக்கிறதுக்கு ஊசி கூட போடல. கொறடு மாதிரி ஒண்ணுல புடிச்சு ஒரு திருகு, ஒரு இழுப்பு, கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள ரெண்டும் தட்டுல கிடந்துச்சு. மொதல் நாள் ராத்திரி முழுக்க தூங்காம பயந்தது வேஸ்ட்டு.

ஆனா விரலைப் பாத்தா... மரப்பாச்சி பொம்மை விரல். மடங்கவே இல்ல. எக்ஸ்ரேல கோடு இன்னும் தெரியுதே, எலும்பு கூடலையான்னு கேட்டேன். எக்ஸ்ரே லேட்டாத்தான் காட்டும், தொட்டா வலி இல்லைன்னா கூடிடுச்சு, இனிமே எலும்பு இல்ல பிரச்சனை, இறுக்கம்தான்னாங்க. அதனாலதான் விரலை நாலு வாரத்துக்கு மேல சும்மா கட்டியே வெக்க மாட்டாங்க, அண்ணன் விரலை கெடுத்தது பாதி அந்த நாப்பத்தஞ்சு நாள்தான். பிசியோதெரபில மெழுகை காய்ச்சி அதுல கையை முக்கி எடுப்பாங்க, இதமா இருக்கும், அதுக்கப்புறம் நரகம். மொதல்ல நுனி ரெண்டு கணுவை மட்டும் கொக்கி மாதிரி, அப்புறம் அடி மூட்டை மட்டும், அப்புறம் முழுசா மூடணும், மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணும் பத்து. வீட்ல சப்பாத்தி மாவு பெசையிற வேலை எனக்கே வந்துடுச்சு. விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பையனோட ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வெச்சு அளப்பேன். கம்பி எடுத்த அன்னிக்கு நாலரை சென்டிமீட்டர். பத்து நாள் அப்படியே நின்னு அழ வெச்சுது. அப்புறம் மூணு, ரெண்டு, இப்போ அரை. காலைல எழுந்தா இன்னும் வீங்கி கெட்டியாத்தான் இருக்கு, அது சில மாசம் இருக்கும்னு சொல்லிட்டாங்க.

பணம் பத்தி ஒரு வார்த்தை. நான் எம்.சி. ரோட்டுல ஒரு ஜவுளிக்கடைல பில்லிங். சம்பளத்துல ஈஎஸ்ஐ புடிக்கிறாங்க, மாசா மாசம் அதைப் பாத்து எரிச்சல் பட்டிருக்கேன், ஆனா லீவுல இருந்தப்போ அதுதான் ஓட்டுச்சு. வேலைக்கு போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும், டிஸ்பென்சரில சர்டிஃபிகேட் வாங்கணும். வேலை செய்யிற எடத்துல அடிபட்டிருந்தா 90. நம்மளுது மாடிப்படி, அதனால 70.

மோதிரம் தங்கசாலை பக்கம் ஒரு ஆசாரிகிட்ட இருக்கு, அத்தை மடிச்சு வெச்ச அந்த தங்கப்பொடியையும் சேத்து குடுத்திருக்கு. கணு இப்போ பழசை விட தடிச்சு போச்சு, கொஞ்சம் பெருசாக்கணும்னாரு, தங்கம் விக்கிற விலைக்கு இப்போ வேணாம்னுட்டேன்.

போன திங்கக்கெழமை வேலைக்கு போனேன். கம்ப்யூட்டர்ல நம்பர் அடிக்கிற பக்கத்துல 3, 6, 9 மூணும் மோதிர விரலுக்குத்தான், எங்க கடைல எல்லா விலையும் 399, 699, 999, எந்த புண்ணியவான் கண்டுபுடிச்சானோ. மொதல் பில்லே ஒரு ஆயா, நைட்டி ஆறு, ஒவ்வொண்ணும் 399. ஒம்போது ஈஸியா வருது, விரலை நீட்டுனா போதும். மூணுக்கு உள்ள மடக்கணும். "இன்னாமே, கம்பூட்டர் பேஜாரா?"ன்னு ஆயா கேட்டுச்சு, "இல்ல ஆயா, விரல்"னு காட்டுனேன், அது என் கையைப் புடிச்சு திருப்பிப் பாத்துட்டு, "புத்தூர் போயிருக்கலாமே"ன்னுச்சு.